வேப்பங்குலை வீடு

“பூட்டைத் திற ஏளா! அம்மை கண்டவங்களை ஊருக்கு வெளிய இருக்க அம்மை ஷெட்டுக்கு வண்டியில கொண்டுபோகணும்.”

“உள்ள யாருக்கும் ஒண்ணுமில்ல ஐயா.”

“பெறகு வாசல்ல வேப்பங்குலை என்ன, காத்து வாங்கவா?”

சானிட்டரி இன்ஸ்பெக்டர் தாணுலிங்கத்துக்கு எரிச்சல் வந்தது. மில்லர்புரத்தில் வீட்டுக்கு வீடு இதே பொய்தான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுடலைமாடத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளே ஒரு ஆள் கதவைப் படபடவென்று தட்டினான். பிள்ளைகள் அழுதன.

“யாருக்கு அம்மை? புருசனுக்கா, பிள்ளைக்கா?”

“சொன்னா வண்டியில ஏத்திருவீயளா?”

“ஏத்தாம விடமாட்டேன்.”

அவள் முந்தானையை விலக்கினாள். இரண்டு கைகளிலும் முத்துகள் நிறைந்திருந்தன.

“எனக்குத்தான் ஐயா. மூணு தண்ணி ஊத்துத வரைக்கும் ஆத்தா வந்த ஒடம்பு வீட்டுப்படி தாண்டக்கூடாதுன்னு எம் புருசன் என்னை விடமாட்டேங்காவ. பிள்ளைகளோ என் பாயை விட்டு நகரமாட்டேங்குது. அதான் எல்லாரையும் உள்ள வச்சுப் பூட்டிட்டு, நீங்க வரட்டும்னு உட்காந்திருக்கேன்.”

தாணுலிங்கம் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அவள் தன் கை பட்ட சாவியைப் பக்கத்திலிருந்த மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். தள்ளாடியபடி எழுந்து வண்டியில் ஏறினாள்.

“வண்டி முக்கு திரும்பினப் பெறகு கதவைத் திறந்து, எம் பிள்ளைகளுக்கு மொதல்ல அம்மை வராம அம்மைப்பால் குத்திவிடுவீயளா ஐயா?”