லைட்டுக்குத் தனி, பிளக்குக்குத் தனி

“யாரு பார்த்த வேலை இது?”

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பிளக் பெட்டியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார் எலக்ட்ரீஷியன் அக்கா. கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவி வாயைத் திறக்காமல் அவன் முதுகை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள்.

“ஏன் தம்பி, லைட் லைன்ல இருந்து ஒயரை இழுத்து பிளக்குக்குக் குடுத்திருக்கீங்களே! லைட்டுக்குத் தனி லைன், பிளக்குக்குத் தனி லைன். விதியே அதுதான். இந்த மெல்லிசு ஒயர்ல நாளைக்கு யாராவது ஹீட்டரைச் சொருகினா, சுவத்துக்குள்ளயே பத்திக்கும்.”

“நல்லா காதுல வாங்கிக்கச் சொல்லுங்க அக்கா,” என்றாள் மனைவி.

“அவ தைக்கறதுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் போட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க அக்கா,” என்றான் கணவன்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது, இதற்கு ஒரு தூது!

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை, மனைவியை அசத்திவிடலாம் என்று அவனே அந்த பிளக்கைப் போட்டான். அவளோ, “ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தா வேலை ஒழுங்கா நடந்திருக்கும்” என்று சொல்லிவிட்டாள். சொன்னதுகூடப் பரவாயில்லை, தன் தம்பியை எதிரில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் தப்பு.

அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் திரும்பவில்லை. ஒருவர் குரல் இல்லாமல் மற்றவருக்கு வீடே பிடிக்கவில்லை. ஆனாலும் யார் முதலில் பேசுவது என்கிற வீம்பு மட்டும் குறையவில்லை.

இது போதாதென்று கரன்ட்டும் போக ஆரம்பித்தது. பொறுத்துப் பார்த்து, கணவன்தான் அக்காவுக்கு போன் போட்டான்.

“காலையில நான் இஸ்திரி போடும்போது பட்டுனு போயிடுது அக்கா. ஒரு கை மடிப்பு, ஒரு கை சுருக்கம்னு ஆபீஸ் போறேன்.”

“சாயங்காலம் நான் மெஷின்ல உக்காந்தா போகுது,” என்றாள் அவள். “பக்கத்து வீட்டுல எல்லாம் ஜெகஜோதியா எரியுது.”

“போகும்போது எதெல்லாம் போகுது?”

“எல்லாமே!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். உடனே ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அக்கா யோசித்தார். இஸ்திரிப் பெட்டி தகராறு செய்தால் பிளக் லைன் மட்டும்தான் அணைய வேண்டும். மெஷின் தகராறு செய்தால் லைட் லைன் மட்டும். எங்காவது கரன்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. பிறகு எப்படி வீடே அணைகிறது?

“எந்த பிரேக்கர் எதுக்குன்னு தெரியாம நான் ஒயர்ல கை வைக்க மாட்டேன். தம்பி, நீங்க வாசக்கதவுப் பக்கம் போர்டுகிட்ட நின்னு ஒவ்வொண்ணா இறக்குங்க. நீ ரூம் ரூமா போய் எது போச்சுன்னு சத்தமா சொல்லும்மா. எங்கிட்ட சொல்லாதே, அவர்கிட்ட சொல்லு.”

சொல்லிவிட்டு அக்கா தையல் மெஷின் ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டார்.

“போச்சா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

உள்ளேயிருந்து பதில் வந்தது, “போச்சு!”

“எது?”

“ஹால் லைட்டு. கொஞ்சம் மெதுவா கத்துங்க, எனக்குக் காது இருக்கு.”

“கிச்சன்?”

“கிச்சன் இருக்கு. ஃப்ரிட்ஜ் இருக்கு. நேத்து சமைச்சதும் அப்படியே இருக்கு, யாரும் தொடல.”

“யாராவது சாப்பிடக் கூப்பிட்டாத்தானே தொடுறதுக்கு!”

“இப்ப கூப்பிடறேன், வர்றீங்களா?”

“மெயினை ஏத்திட்டு வரவா, இறக்கிட்டு வரவா?”

உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது. வாசலிலும் ஒன்று கிளம்பியது. அக்கா டெஸ்டரால் தலையைச் சொறிந்துகொண்டு, தானும் சிரித்தார்.

பிளக்குக்கு அதன் லைனிலிருந்தே தடிமனான ஒயர் இழுத்து, மூடியைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. மெயினை இறக்கினது நான்தான். காலையில அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்ததும் போய் இறக்கிடுவேன். ‘கரன்ட் போச்சா’ன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்க மாட்டாரான்னுதான்.”

“கேட்டாரா?”

“எங்க கேட்டாரு! சுருங்கின சட்டையை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடிப்பாவி! நான் சுவத்தையே பேர்த்துப் பார்க்கலாம்னு இருந்தேன். லைட்டும் பிளக்கும் சேர்ந்து போகுதேன்னு அப்பவே நினைச்சேன், இது ஒயர் பண்ற வேலை இல்ல, கை பண்ற வேலைன்னு!” அக்காவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரே சந்தோஷம். “இனிமே அதுல கை வைக்காதே.”

“சத்தியமா வைக்க மாட்டேன். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

அக்கா கிளம்பும்போது கணவன் அவருடைய ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருக்கதவு வரை வந்தான். வீட்டுக்குள் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

“கோளாறைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன் தம்பி. இனிமே நிம்மதியா இருங்க, கரன்ட் போகாது.”

அவன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“அவகிட்ட சொல்லிடாதீங்க அக்கா, சாயங்காலம் இறக்கினது நான்தான்.”