சகலையின் மெத்தை

கொஸ்தனாய்ப் பக்கத்து ஏரியொன்றின் நாணலுக்குள் விடியல் சாம்பல் நிறமாக இறங்குகிறது. படகு அசையும்போதெல்லாம் விளிம்பில் படிந்த பனிக்கட்டி நொறுநொறுவென்று உடைகிறது. தோசிம் நாலாவது தடவையாகச் சொல்கிறான்: "சகல, அந்த லைஃப் ஜாக்கெட்ட மாட்டித் தொலையேன்." ஒராஸ்காலியோ அதை மடித்து மெத்தையாகப் போட்டு உட்கார்ந்து, பவுர்சாக் பலகாரத்தை மென்றுகொண்டிருக்கிறான். "பலகை ஜில்லுங்குதுய்யா. மாட்டிக்கிட்டா துப்பாக்கி தோள்ல நிக்காது." அவன் காலில் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தண்ணீர் புகுந்தால் அதுவே கல்லாகி இழுத்துக்கொண்டு போகும். "நீ முங்கிட்டா நம்ம வீட்டு அக்காவும் தங்கச்சியும் என்னைத்தான் உரிச்சுத் தொங்கவிடுவாங்க." "வாய மூடு, வருது!" நாணலுக்கு மேலே காட்டு வாத்துகளின் கரகரப்பு. ஒராஸ்காலி சடாரென்று எழுந்து நிற்கிறான். படகு ஒருபக்கமாகச் சாய்கிறது. ஆரஞ்சு ஜாக்கெட் நழுவித் தண்ணீரில் விழுந்து, ஆசை காட்ட மிதக்கவிட்ட மரவாத்துகளோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. இரண்டு வெடிச்சத்தம். மேலேயிருந்து ஒரு இறகுகூட விழவில்லை. தலைக்கு நேர் மேலே, கல்லெறிந்தாலே படும் உயரத்தில், மொத்தக் கூட்டமும் சாவகாசமாகக் கடந்துபோகிறது. ஒராஸ்காலி கோபமாகத் திரும்புகிறான். "நீ ஏன்யா சுடல?"

ஒராஸ்காலியின் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடியே தோசிம் கேட்கிறான்: "எந்தக் கையால?"