மூங்கிலில் எரிந்த பல்பு

“கொட்டகை ஷட்டரை இழுத்து மூடிட்டு உள்ளே உட்கார்ந்து அடுப்பு மூட்டுவாரா ஒரு மனுஷன்? நான் கேக்கறது தப்பா?”

தெருவின் முதல் வீட்டு வாசலில் சதொகோ இதைக் கேட்டாள். இரண்டாவது வீட்டில் ஓர் எழுத்து மாறாமல் கேட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர்களுக்கு அவள் மணி அடிப்பதற்கு முன்பே மனப்பாடம் ஆகியிருக்கும்.

பக்கத்தில் புருஷன் கிதாமுரா. கையில் இனிப்புப் பெட்டிகள். ஜப்பானில் ஆம்புலன்ஸ் வந்து தெருவையே கூட்டிவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வீடு வீடாகப் பெட்டி கொடுத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும். செத்துப் பிழைத்தவனுக்கும் விலக்குக் கிடையாது.

“எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துட்டேன்” என்று குனிந்து குனிந்து நிமிர்ந்தார்.

இந்த வருஷத் தெருத் தலைவர் சோனொதா பெட்டியை வாங்கிக்கொண்டார். முகத்தைத்தான் கொடுக்கவில்லை.

“கிதாமுரா-சான், மலை மூங்கிலை வெட்டிட்டு வந்து டிரம்முல எரிச்சு காஸ் எடுக்கறீங்க. அதுல இன்ஜின் ஓட்டறீங்க, பல்பு எரிக்கறீங்க. ஏன், கரண்டுக்காரன் உங்க வீட்டுக் கம்பியை மட்டும் அறுத்துட்டுப் போயிட்டானா?”

“இல்லை… ஒரு பொழுதுபோக்கு…”

“மத்தவங்க மீன் பிடிக்கறாங்க. அந்தக் காஸுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாதாம். தீயணைப்புக்காரர் சொன்னார். உங்க வீட்டம்மா கடையிலேர்ந்து கொஞ்சம் தாமதமா வந்திருந்தா, உங்களை வேற பெட்டியில வெச்சு எங்களுக்குக் காட்டியிருப்பாங்க. இன்னிக்கே பிரிச்சுப் போட்டுடுங்க.”

சதொகோ சண்டைக்குக் காத்திருந்தாள். பழைய வெந்நீர்த் தொட்டி, யாரோ தூக்கிப்போட்ட டிராக்டர் இன்ஜின் என்று வருஷக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்த சாமான். மகள் கல்யாணத்துக்கே நகத்தில் கரியோடு வந்தவர். “முதல்ல என்னைப் பிரிச்சுப் போடுங்க” என்று போன மாதம்கூட எகிறியவர்.

“பிரிச்சுடறேன்” என்றார் கிதாமுரா.

கடைசி வீடு ஹமசாகியுடையது. ஒட்டின சுவர். வெயில் தலைகாட்டினால் போதும், மெத்தைகளை மாடிக் கம்பியில் உலர்த்திவிட்டு, மூங்கில் புகை வருகிறதா என்று காவல் நிற்பாள். அவளுக்குப் பயந்தே கிதாமுரா மூடாக்கு நாளாகப் பார்த்துத்தான் மூட்டுவார். அன்றைக்கும் மூடாக்குதான். சூரியனுக்குத்தான் அது தெரியவில்லை, நடுவில் வந்துவிட்டது.

மணி அடித்து வெகுநேரம் கழித்து ஹமசாகி வந்தாள். கண் வீங்கியிருந்தது. நீட்டிய பெட்டியை வாங்கவில்லை.

“வாங்கிக்கோங்க. புகை, புகைன்னு நீங்க எத்தனை தடவை அடிச்சுக்கிட்டீங்க. நாங்கதான் காதுல போட்டுக்கலை. முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கணும்” என்றாள் சதொகோ.

மற்ற வீடுகளைவிட ஆழமாகக் குனிந்தார் கிதாமுரா.

“உடம்பு… இப்போ…” என்றாள் ஹமசாகி.

“தலைவலிதான். டிரம்முக்குப் பின்னாடி குனிஞ்சிருந்தேன். இன்ஜின் போட்ட சத்தத்துல ஷட்டர் இறங்கினது கேக்கலை. பல்பு வேற எரிஞ்சுதா, இருட்டினதும் தெரியலை.”

சதொகோ மெதுவாகத் திரும்பினாள்.

“என்ன சொன்னீங்க? நீங்களே மூடிட்டு, மூடினது உங்களுக்கே தெரியலையா?”

ஹமசாகியின் விரல்கள் கதவு விளிம்பில் வெளுத்தன.

“புகை பக்கத்து வீட்டுக்குப் போகுதுன்னு நான்தான் மூடினேன்னு தீயணைப்புக்காரர்கிட்ட சொன்னீங்க. நானும் பக்கத்துலதானே நின்னேன்” என்றாள் சதொகோ.

“ஆமா.”

“ஷட்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில்?”

“நான்தான் எடுத்தேன். எடுத்தது ஞாபகம் இருக்கு, இழுத்தது இல்லை. அந்தக் காஸ் முதல்ல மண்டையைத்தான் பிடிக்கும்.”

சதொகோ அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஹமசாகி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காஸ் இல்லாமலே உங்க மண்டை அப்படித்தான். வாங்க, வந்து ஸ்பேனரை எடுங்க” என்று சொல்லிவிட்டுச் சதொகோ முன்னால் நடந்தாள்.

அவள் தலை மறையும்வரை கிதாமுரா அசையவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, இனிப்புப் பெட்டியின் மேல் வைத்து நீட்டினார்.

நீல நிறக் கவ்வி. கம்பியில் போட்ட மெத்தை சரியாமல் பிடிப்பதற்கு மாட்டுவார்களே, உள்ளங்கை அகலத்தில், அது.

“எங்க ஷட்டர் ஓரமா கிடந்தது. காத்துல பறந்து வந்திருக்கும்.”

அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

குனிந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. ஹமசாகி வீட்டுச் செருப்போடு ஓடி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே கிதாமுரா மட்டும் இருந்தார். கவ்வி இன்னும் கையில் இருந்தது.

“கிதாமுரா-சான், பிரிக்காதீங்க. நீங்க உள்ளே இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. மூங்கிலை உதைச்சுத் தள்ளி ஷட்டரை இழுத்தது நான்தான்னு உங்க வீட்டம்மாகிட்ட நானே சொல்லிடறேன்.”

ஸ்பேனர் ஒரு நொடி நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

“சொல்ல விடுங்களேன்.”