முழு லோடில் இரண்டு மணி நேரம்

“போடியில ரெண்டு இன்ஜினை ஜாம் ஆக்கிப்புட்டியாமே, நெசமாப்பா?”

கம்பத்தில் திராட்சைக் கிடங்கு வைத்திருக்கும் சண்முகராஜ் கேட்டார். மெக்கானிக் முத்துக்கருப்பன் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

“நெசந்தான் அண்ணாச்சி.”

“பேரிங் தட்டுன தட்டு தெருவுக்கே கேட்டிருக்குன்னு சொன்னாக. ஒம்பாட்டுக்கு ஓட விட்டுட்டு நின்னியாமே. குடிச்சிருந்தியா?”

“ஆமா அண்ணாச்சி. அன்னைக்குக் குடிச்சிருந்தேன்.”

அவன் மனைவி நாகஜோதி கையிலிருந்த நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் அவளுக்கு எட்டு மாதமாகப் பழகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

அந்த எட்டு மாதமும் அவன் பட்டறையில் ஓர் இன்ஜின்கூட வந்து இறங்கவில்லை. டீசல் இன்ஜின் என்றால் முத்துக்கருப்பனைக் கூப்பிடு என்று சொன்ன அதே ஆட்கள், இப்போது எதிரே வந்தால் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பழைய பழக்கத்துக்காகச் சண்முகராஜ் மட்டும் தன் ஜெனரேட்டரை அக்கக்காகப் பிரித்து மாட்டச் சொல்லியிருந்தார். இதுவும் கெட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, புருசனும் பெண்டாட்டியுமாக ஏலத்தோட்டக் கூலிக்கு ஜீப் ஏற வேண்டியதுதான்.

“இந்தா பாரு. முழு லோடுல ரெண்டு மணி நேரம் ஓடணும். ஓடிருச்சுன்னா மூணு கிடங்கு ஜெனரேட்டரும் வருசம் பூரா உன் பொறுப்பு. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன். நின்னுச்சுன்னா இனி இந்தப் பக்கம் வராத. உள்ள நாப்பது டன் பழம் கெடக்கு.”

“ஓடும் அண்ணாச்சி,” என்று முந்திக்கொண்டாள் நாகஜோதி.

கிடங்கின் ஆபரேட்டர் தங்கப்பாண்டி சாவியைத் திருப்பினான். ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அப்புறம் ஷெட்டுக்குள் யாராக இருந்தாலும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

கால் லோடு, அரை லோடு என்று குளிர் அறைகளின் கம்ப்ரசர்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். புகை கறுத்து வந்து, பிறகு வெளுத்தது. நாகஜோதி கணவனை ஒட்டியே நின்று, கால் மணிக்கு ஒரு தரம் ஆயில் பிரஷரையும் சூட்டையும் எழுதினாள்.

முக்கால் லோடில் அவள் முகம் மாறியது. அவன் முழங்கையைத் தொட்டு, பேனாவால் சைலன்சர் கிளாம்ப்பைக் காட்டினாள். அவன் ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று இறுக்கினான். கடகடப்பு அடங்கியது.

“ஏத்தா, நீயே பாதி மெக்கானிக்கு போல,” என்று கத்தினார் சண்முகராஜ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

முழு லோடு ஏறியது. தரை அதிர்ந்தது. ஒரு மணி நேரம் போனது. சூட்டு முள் நகர்ந்துகொண்டே போய், சிவப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. முத்துக்கருப்பன் அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. சுருளி வேலப்பா, இது நின்றால் நாங்கள் இருந்து என்ன பிரயோசனம் என்று நாகஜோதி மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

முள் அசையவில்லை. இரண்டாவது மணி நேரமும் முடிந்தது. சண்முகராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“லோடை எறக்கு. அஞ்சு நிமிசம் சும்மா ஓடி ஆறட்டும், பெறகு நிப்பாட்டு,” என்று தங்கப்பாண்டியிடம் கத்திவிட்டு, முத்துக்கருப்பன் ஷெட் வாசலுக்கு வந்தான்.

நாகஜோதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவனை விட்டு நகர்ந்து, வேப்பமரத்தடிக்குப் போய், ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். “அப்பா செயிச்சுட்டாகடி,” என்றாள்.

வாசலில் ஸ்டூலின் மேல் காகிதத்தை விரித்து, சண்முகராஜ் பேனாவைத் திறந்தார். ஜெனரேட்டருக்கு முதுகைக் காட்டி அவர் எதிரே நின்ற முத்துக்கருப்பனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எட்டு மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

“நாலு தடவை பிரிச்சு மாட்டுனேன் அண்ணாச்சி. தூங்கவே இல்ல. என்னைய நம்பி இங்கன விட்டது நீங்க ஒருத்தருதான்.”

சண்முகராஜ் கையெழுத்துப் போடத் தொடங்கினார்.

“தட்டல் இருந்தா சும்மா ஓடுறப்பத்தான் காட்டிக்குடுக்கும். நல்லாக் கேளுங்க அண்ணாச்சி, எங்கயாச்சும் தட்டுதா? தறி ஓடுற மாதிரி ஒரே சீராக் கேக்குது பாருங்க.”

பேனா பாதிக் கையெழுத்தில் நின்றது. சண்முகராஜ் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கை துடைத்துக்கொண்டே வெளியே வந்த தங்கப்பாண்டியும் பார்த்தான். மரத்தடியிலிருந்து நாகஜோதி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தாள்.

ஜெனரேட்டரை நிறுத்தி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. முத்துக்கருப்பன் இன்னும் அதன் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தான்.