மூன்று தடவை

சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்து நின்றன.

இணையம் மட்டும் வரவில்லை.

வியன்னா விமான நிலையத்தில், பெட்டிகள் சுற்றிவரும் இடத்தருகே நின்று, அவள் கைபேசியை அணைத்து மறுபடி போட்டாள். பூட்டுத் திரை வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினாள். வாட்ஸப்பில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மணி ஆறு முப்பத்தைந்து. திண்டுக்கல்லில் பத்து ஐந்து.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தம்பியின் பிள்ளைக்குப் பெயர் வைத்தாக வேண்டும்.

பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. தம்பிக்கு இருப்பது ஒரே அக்கா.

அந்த அக்காதான், வேறு யாரோ போக வேண்டிய அலுவலகப் பயணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்தவள். தம்பி மனைவியின் வளைகாப்புக்கும் இப்படித்தான் ஏதோ ஒரு வேலை வந்தது.

தம்பி விடவில்லை.

"நீ எங்க வேணா போக்கா. போன்ல சொல்லு. நான் காதுல வச்சுப் பிடிக்கிறேன்."

என்ன பெயர் என்று கேட்டாள். சொல்லவில்லை. முதலில் அத்தை வாயிலிருந்துதான் வரவேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலையில் எழுதி அனுப்புகிறேன் என்றான்.

அனுப்பியிருப்பான். நேரம் தப்பினால் சித்தப்பா மகள் வசந்தா சொல்லிவிடுவாள். சேலை கசங்காமல் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

பிறகு சொந்தபந்தம் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள், தம்பி பிள்ளையைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பார்கள்.

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

பத்து பன்னிரண்டு.

விமான நிலையத்து வைஃபை இலவசம் என்று எழுதியிருந்தது. எண்ணைக் கொடுத்தாள். குறுஞ்செய்தியில் குறியீடு வரும் என்றது. ஊர் சிம்மை விமானத்திலேயே அணைத்துவிட்டிருந்தாள். எந்த எண்ணுக்கு வரும்?

பெட்டி இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுத் தகவல் மேசைக்கு ஓடினாள்.

மேசையில் நீலத் துணியைக் கழுத்தில் சுற்றிய ஒரு பெண். கைபேசியை வாங்கிப் பார்த்தாள். அதற்குள் திரை பூட்டிக்கொண்டது. கடவுச்சொல் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவள் சொல்லவில்லை. எட்டிக் கைபேசியை வாங்கித் தானே தட்டினாள்.

மகள் பெயர் அது. நான்கு வருடமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அவள் கணவன் சொல்வதில்லை. அவளும் சொல்வதில்லை. விரல் மட்டும் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை எழுதிக்கொண்டிருந்தது.

பத்து பதினெட்டு.

நீலத் துணிக்காரி அமைப்புகளுக்குள் போனாள். பயணத்துக்கென்று போட்ட புதுச் சிம்முக்குக் கீழே ஒரு வரியில் விரலை வைத்தாள்.

ரோமிங்.

அவள் பதறிப்போய் அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

ரோமிங்கை மட்டும் தொடாதே என்று கணவன் வீட்டில் ஒரு தடவை, காரில் ஒரு தடவை, உள்ளே போகும் வாசலில் ஒரு தடவை சொல்லியிருந்தான். துபாய்க்குப் போன அவன் அண்ணனுக்கு வந்த பில் குடும்பத்தில் புராணமாகிவிட்டது. அலுவலகத்தில் இந்தப் பயணச் சிம்மை ஏற்றிக்கொடுத்த நிர்மல், இறங்கியதும் ரோமிங்கைப் போட்டுவிடுங்கள் மேடம் என்றுதான் சொன்னான். அவன் வாய்தவறிச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இது பயணிகளுக்கான சிம், ரோமிங்கில்தான் ஓடும், பணம் முன்பே கட்டியாகிவிட்டது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். மணிக்கட்டை இன்னும் விடுவித்துக்கொள்ளவில்லை.

பத்து இருபத்திரண்டு.

அழைக்காமலே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இணையம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மணிக்கட்டை விட்டாள்.

அந்தப் பெண் தொடவில்லை. கைபேசியை இவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவளே தொட்டாள்.

கைபேசி ஒரு மூச்சு அடங்கிக் கிடந்தது. பிறகு படபடவென்று அதிர ஆரம்பித்தது. தம்பியிடமிருந்து மூன்று.

"அக்கா, பேர் இதுதான்."

ஆதிரை.

"வேணாம்னா உடனே சொல்லிடு. இன்னொரு பேரும் யோசிச்சு வச்சிருக்கோம்."

அனுப்பி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெயரைத் தட்டித்தான் இப்போது கைபேசியைத் திறந்திருந்தாள்.

பதில் எழுதுவதற்குள் தம்பியே அழைத்தான். திரை முழுக்க ஒரு காது. பால் வாசனை இங்கே வரைக்கும் வரும்போல ஒரு குட்டிக் காது. பின்னால் வசந்தாவின் குரல், நேரமாகுது நேரமாகுது என்று.

"அக்கா? உனக்குச் சம்மதம்னா சொல்லு. காதுலதான் வச்சிருக்கேன்."

அவள் கைபேசியை வாயருகே கொண்டுவந்தாள்.

பத்து இருபத்தாறு.

"ஆதிரை."

சொன்னது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆதிரை."

நீலத் துணிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆதிரை!"

தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். அந்தப் பக்கம் குழந்தை திடுக்கிட்டு அழுதது. யாரோ சிரித்தார்கள்.

"போதும்க்கா," என்றான் தம்பி. அவன் குரலும் சரியாக இல்லை. "மூணு ஆயிடுச்சு."

அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.