ராக்காயி சொன்ன சாட்சி

விழா மேடையிலிருந்து இறங்கும்போது ராக்காயிக்கு மனசு நிறைந்திருந்தது.

யாரும் சொல்லிக்கொடுத்த பேச்சில்லை. புருஷன் கந்தப்பனோடு மல்லுக்கட்டி, மகள் வடிவை, ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மாதர் சங்கத்தாரின் இந்த நுவரெலியா விடுதியில் சேர்த்து இரண்டு வருஷமாகிறது. தேயிலைக் கொழுந்துக் கூடை தன்னோடு போகட்டும், பிள்ளை நாலெழுத்துப் படிக்கட்டும் என்றுதான் கொடுத்தாள். அதைத்தான் சொன்னாள். சங்கத்து அம்மாமார் தெய்வம் மாதிரி என்றும் சொன்னாள்.

காசு கொடுக்கிற கொழும்புப் பெரிய மனிதர்கள் முன்வரிசையில் இருந்து கைதட்டினார்கள். பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்த அக்கரப்பத்தனைத் தோட்டத்துத் தாய்மார்கள் பின்னால் நின்று கேட்டார்கள்.

இதுவரை வடிவைப் பார்க்கவே விட்டதில்லை. தாயைக் கண்டால் படிப்புக் கெடும் என்று சங்கத்தில் சொன்னதை ராக்காயி அப்படியே நம்பியிருந்தாள்.

இன்றைக்கு அவளுக்கு ஒரே ஆசை. மகள் வாசிப்பதைக் காதால் கேட்க வேண்டும். தோட்டத்து லய வீட்டுக்குப் போய்க் கந்தப்பனிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

விழா நாள் என்று சங்கத்தார் விட்டதால், மகளை வாசலுக்குக் கூட்டிவந்தாள். பிள்ளை வளர்ந்திருந்தாள். உள்ளங்கை மட்டும் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. குளிர்பிடித்த ஊர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கதவோரம் பித்தளைப் பலகை மின்னியது. அதில் சங்கத்தின் பேரைத் தமிழிலும் பொறித்திருப்பதாக மேடையில் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

“அதுல என்ன எழுதியிருக்குன்னு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு தாயி.”

வடிவின் முகம் மலர்ந்தது.

“நாந்தாம்மா அதப் புளி போட்டு வெளக்குறேன், பளபளன்னு இருக்குல்ல? வாசிக்கத்தான் தெரியாது. எங்கள யாரும் படிக்க உக்கார வைக்கல. அம்மாமார் வீடுகள்ல வேல முடியவே இருட்டிப்போகும்.”

ராக்காயி மகளின் காய்த்துப்போன உள்ளங்கையை மறுபடி விரித்துப் பார்த்தாள். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள். அதையும் தன் வாயாலேயே புகழவைத்துவிட்டார்கள்.

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினாள்.

தாய்மார்கள் வரிசையில் நின்று பிள்ளைகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் அம்மாக்கண்ணு அப்போதுதான் தன் மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

ராக்காயியைக் கண்டதும் நன்றியில் கண் கலங்கி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.