பவுசர் ஏன் நிற்கிறது?

பிரதேச சபை முற்றத்தில் மலக்குழி உறிஞ்சும் பவுசர் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதன் நிழலில் கதிரை போட்டு, டிரைவர் மர்சூக் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் தனபாலனுக்கு ரத்தம் கொதித்தது.

உள்ளே போன வேகத்தில் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார்.

"வண்டி சும்மா நிக்குது. டிரைவர் சும்மா இருக்காரு. என் வீட்டுக் குழி மட்டும் பொங்கி வழியுது. என்னங்க நிர்வாகம் இது?"

கிளார்க் நஸீப் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் எல்லா வகைத் திட்டும் கேட்டுப் பழகியிருந்தார். "இரிங்க சேர்" என்றார்.

"இருக்க நேரமில்லைங்க. ஞாயித்துக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். கண்டியிலருந்து மாப்பிள்ளை வீட்டாளுங்க முப்பது பேர் வாறாங்க. நாலு நாளா நாங்களே பக்கத்து வீட்டு டொய்லெட்டுக்குத்தான் போறோம். மக அழுவுறா." தனபாலனின் குரல் சற்றே இறங்கியது. "வர்ற சம்பந்தியையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

இறங்கிய குரல் உடனே ஏறியது. "மலக்கழிவை அள்ளுறது சபையோட கடமை. நான் அபிவிருத்திச் சங்கத் தலைவர். எங்க சங்கம் கையெழுத்து வாங்கிப் போட்ட மகஜர் ஒன்னுகூட இதுவரைக்கும் தோத்ததில்ல. எத்தனை போட்டோம்னு எனக்கே ஞாபகமில்ல. இன்னொன்னு போட்டா உங்க தவிசாளர் கதிரையே ஆடும்!"

தவிசாளரின் கதிரை அப்போது காலியாகத்தான் இருந்தது. தூய்மை பற்றிய செயலமர்வு ஒன்றுக்கு அவர் போயிருந்தார்.

"சேர், பவுசர் சும்மா நிக்கல்ல" என்றார் நஸீப். "வாய் வரைக்கும் நிரம்பி ஈக்கிது."

தனபாலன் முற்றத்துப் பக்க ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"அப்ப கொண்டுபோய்க் கொட்டுங்க!"

"எங்க சேர்? ஆத்துல கொட்டினா எங்களுக்குத்தான் வழக்கு. பக்கத்துச் சபைகள் தங்கட கழிவுக்கே எடமில்லண்டு செல்றாங்க. ஒன்பது நாளா இப்படித்தான். ஒங்களுக்கு முந்தி நாப்பத்தியொரு வீடு காத்து ஈக்கிது."

"சொந்தமா ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட சபைக்குத் துப்பில்லையா?"

"கட்ட காசு வந்திச்சாம் சேர், அஞ்சாறு வருசத்துக்கு முந்தி. காணியும் பாத்தாங்களாம். இது எங்கட ஊருக்கு வேணாமுண்டு மகஜர் ஒன்டு வந்திச்சு. முந்நூறு கையெழுத்து. காசு வந்த வழியே திரும்பிப் போயிட்டுது."

தனபாலன் மேசையில் ஓங்கி அடித்தார். "எவனோ ஒருத்தன் பேர் வாங்குறதுக்கு ஊரே நாறணுமா? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேணாம்? முதல் கையெழுத்துப் போட்டவன் நம்பர் இருக்கா? குடுங்க. நானே பேசுறேன். காதுல ரத்தம் வர்ற மாதிரி பேசுறேன்."

நஸீப் அலுமாரியிலிருந்து அந்த மகஜர் ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார். முதல் கையெழுத்துக்கு எதிரே இருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த விண்ணப்பத்தையும் ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கத் தொடங்கினார்.

தனபாலன் உள்ளங்கையில் வேகமாக எழுதினார். நான்காவது இலக்கத்தில் வேகம் குறைந்தது. ஆறாவதில் பேனா நின்றேவிட்டது.

வெளியே மர்சூக் பேப்பரைப் புரட்டும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது.

நஸீப் மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"மிச்ச நாலையும் நான் செல்லணுமா சேர்?"